கார்வெட் சி6: வேலை செய்யாத வால்வு சைலன்சரின் பழுதைக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள பவுலிங் கிரீன் ஆலையில் 2005 முதல் 2013 மாடல் ஆண்டு வரை தயாரான செவர்லே நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் காரான ஆறாம் தலைமுறைக் கார்வெட்டை அதன் உரிமையாளர்கள் சி6 என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். எஞ்சினின் வேகத்துக்கு ஏற்பத் தானே திறந்து மூடும் வால்வு கொண்ட சைலன்சர், 2006-இல் வந்த இசட்06 வகையில் காருடனேயே பொருத்தப்பட்டு வந்தது. 2008 முதல் சாதாரண கூபேயிலும் கன்வர்ட்டிபிளிலும் கூடுதல் பணம் கொடுத்தால் கிடைத்தது. அதற்கு ஆலை வைத்த குறியீடு என்பிபி. 6.2 லிட்டர் எல்எஸ்3 எஞ்சினின் 430 குதிரைத்திறன் இந்தச் சைலன்சருடன் 436 ஆயிற்று என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆறு குதிரைத்திறனுக்காக இதை வாங்கியவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். ஊருக்குள் அடக்கமாகப் போக வேண்டும், காலை அழுத்தினால் முழங்க வேண்டும் என்பதே அவர்கள் விரும்பியது.

அந்த இரண்டில் ஒன்று நின்றுபோகும்போது பலரும் முதலில் சந்தேகிப்பது சைலன்சரைத்தான். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது அது. விலையும் அதற்குத்தான் அதிகம். உண்மையில் வெப்பத்தில் வெடித்த விரல் நீள ரப்பர்க் குழாயே இந்தப் பழுதுக்குப் போதும். எனவே விலை குறைந்த பாகத்திலிருந்து விலை உயர்ந்த பாகத்தை நோக்கிச் செல்லும் வரிசையில் இந்த வழிகாட்டி அமைந்துள்ளது. எதையும் வாங்குவதற்கு முன் செய்து முடிக்க வேண்டிய சோதனைகளே இதில் பெரும்பகுதி.

அமைப்பு வேலை செய்யும் விதம்

பின்பக்கம் இடமும் வலமுமாக இரண்டு சைலன்சர்கள் உள்ளன. ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு குழாய்கள் வெளியே வருகின்றன. அவற்றில் ஒன்றின் வாயில் ஓர் அச்சில் சுழலும் வட்டத் தட்டு இருக்கிறது. அந்த அச்சின் வெளி முனையில் ஒரு சிறு நெம்புகோல் உண்டு. அதை ஆக்சுவேட்டர் எனப்படும் உலோகக் கிண்ணத்திலிருந்து நீளும் கம்பி இழுக்கிறது. கிண்ணத்துக்குள் டயாஃபிரம் எனப்படும் ரப்பர்ச் சவ்வு ஒன்றும் ஸ்பிரிங் ஒன்றும் இருக்கின்றன. எஞ்சினுக்குள் காற்றைப் பகிர்ந்தளிக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் உருவாகும் வேக்யூம், அதாவது காற்றை உறிஞ்சும் வெற்றிட இழுப்பு, குழாய் வழியாகப் பின்னே வந்து டயாஃபிரத்தை இழுக்கும்போது தட்டு மூடிக்கொள்கிறது; வேக்யூம் நின்றதும் ஸ்பிரிங் தட்டைத் திறந்துவிடுகிறது. நடுவே நின்று வேக்யூமை அனுப்புவதும் தடுப்பதும் சோலனாய்டு என்னும் மின்வால்வின் வேலை. மின்சாரம் வரும்போது அது வேக்யூமைப் பின்னே விடும்; மின்சாரம் நின்றால் குழாயில் வெளிக்காற்றை நுழையவிடும்.

இதில் மனத்தில் நிறுத்த வேண்டிய செய்தி ஒன்றே. மூடுவதற்குத்தான் வேக்யூமும் மின்சாரமும் தேவை. திறப்பதற்கு எதுவும் தேவையில்லை. எஞ்சின் மூச்சு முட்டாமல் இருப்பதற்காக, பழுது ஏற்பட்டால் வழி திறந்திருக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே எப்போதும் சத்தமாக இருக்கும் காரில் ஏதோ ஒன்று வந்து சேரவில்லை என்று கொள்ளலாம். எப்போதும் அமைதியாக இருக்கும் காரில் ஏதோ ஒன்று சிக்கிக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு வேறுபாடு தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

முதல் படி: கருவி எடுப்பதற்கு முன் காதைப் பயன்படுத்துங்கள்

இரவு முழுவதும் நின்ற காரைத் திறந்தவெளியில் ஸ்டார்ட் செய்து, பின்னால் நின்று கேளுங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போது வேக்யூம் கசிந்து தட்டுகள் திறந்திருப்பதால் ஸ்டார்ட் ஆனதும் உறுமல் எழுவதும், வேக்யூம் உருவானதும் சில நொடிகளில் அது அடங்குவதும் இயல்பு. இதைப் பழுது என்று எண்ணிக் காரைக் கொண்டுவருபவர்களும் உண்டு. உறுமல் அடங்காமல் நீடித்தால் தட்டுகள் மூடவில்லை. உறுமலே எழவில்லை என்றால் அவை திறந்த நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை.

அடுத்து, ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது, ஒவ்வொரு குழாய் வாயின் பின்னாலும் ஒரு காகிதத் துண்டை நீண்ட குச்சியில் கட்டிப் பிடியுங்கள். தட்டு மூடியிருக்கும் குழாயில் காகிதம் ஏறக்குறைய அசையாது. திறந்த குழாயில் படபடக்கும். இடமும் வலமும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்பதே இங்கு முக்கியம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தவறு செய்தால் பழுது இரண்டுக்கும் பொதுவான பாகங்களில் இருக்கிறது: ஃபியூஸ், சோலனாய்டு, அதற்கு முந்தைய குழாய். ஒரு பக்கம் மட்டும் தவறினால் அந்தப் பக்கத்துக் குழாய், ஆக்சுவேட்டர், தட்டு ஆகிய மூன்றோடு தேடல் முடிந்துவிடும். குழாய் வாய்களில் படிந்திருக்கும் கரியையும் ஒப்பிடுங்கள். மாதக்கணக்கில் திறக்காத குழாய் மற்றவற்றைவிடச் சுத்தமாக இருக்கும்.

கடைசியாக ஓர் ஓட்டச் சோதனை. நிதானமாகப் போகும்போது அமைதியாக இருந்து, நீண்ட மேட்டில் குறைந்த ஆர்பிஎம்மிலேயே ஆக்சிலரேட்டரை ஆழமாக அழுத்தி வைத்திருக்கும்போது மட்டும் சத்தம் மெல்ல மெல்லக் கூடுகிறதா என்று கவனியுங்கள். எஞ்சினுக்குள் காற்றை விடும் திராட்டில் வால்வு அகலத் திறந்திருக்கும்போது மேனிஃபோல்டில் வேக்யூம் இருக்காது. அந்த நேரத்துக்குத் தேவையானதை ஒருவழி வால்வு பூட்டி வைத்திருக்க வேண்டும். அந்த வால்வோ அதற்குப் பின்னுள்ள குழாயோ கசிந்தால்தான் சத்தம் இப்படி மெல்லக் கூடும். பட்டறையில் ஐடிலில் வைத்துப் பார்த்தால் இந்தப் பழுது தெரியவே தெரியாது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிக் காரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இரண்டாம் படி: ஃபியூஸும், முன்னால் யாரோ செய்த வேலையும்

சி6-இல் இந்த அமைப்பைக் கட்டுப்படுத்த ஆலை பொத்தான் எதையும் வைக்கவில்லை. எல்லாம் கணினியின் முடிவு. எனவே எப்போதும் சத்தம் வேண்டும் என்று விரும்பிய பழைய உரிமையாளர், சோலனாய்டுக்குரிய ஃபியூஸைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். இது அமெரிக்காவில் மிகவும் பரவலான வழக்கம். கையேட்டில் உள்ள ஃபியூஸ் அட்டவணையைப் பார்த்து அந்த இடம் காலியாக இருக்கிறதா, ஃபியூஸ் எரிந்திருக்கிறதா என்று பாருங்கள். வயரிங்கில் ஒட்டுப்போட்ட ரிமோட் சுவிட்ச் ஏதேனும் இருந்தால் அதைக் கழற்றி வைத்து, ஆலை இணைப்பை மீட்டுவிட்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள். பிறர் போட்ட ஒட்டு நடுவில் இருக்கும்வரை எந்த அளவீட்டையும் நம்ப முடியாது.

மூன்றாம் படி: காரைத் தூக்குதல்

கார்வெட்டின் வெளிப்பலகைகள் இரும்பு அல்ல. கலப்புப் பொருளால் ஆனவை. ஜாக்கியைத் தவறான இடத்தில் வைத்தால் கதவுக்குக் கீழுள்ள பலகை விரிசல் விட்டுவிடும். பக்கவாட்டுச் சட்டத்தில் உள்ள துளைகளில் அதற்கென விற்கும் வட்டக் கட்டைகளைச் செருகி, அவற்றின் கீழ் ஜாக்கியை வைக்க வேண்டும். தூக்கிய பின் ஸ்டாண்டு வைக்காமல் உள்ளே தலையை நீட்டக் கூடாது. எஞ்சின் அணைத்துக் குறைந்தது இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். கராஜ் கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓட்டக் கூடாது; கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை.

நான்காம் படி: கையால் தள்ளிப் பார்த்தல்

எஞ்சின் அணைந்து ஆறிய நிலையில் தட்டு திறந்திருக்க வேண்டும் என்பது முன்பே சொன்னது. நெம்புகோலை விரலால் மூடும் திசையில் தள்ளுங்கள். ஸ்பிரிங்கின் எதிர்ப்பு சீராகத் தெரிய வேண்டும். விட்டதும் சட்டென்று திரும்ப வேண்டும். அசையவே இல்லை, அல்லது தள்ளிய இடத்திலேயே நின்றுவிடுகிறது என்றால் அச்சு துருவிலும் கரியிலும் இறுகியிருக்கிறது. குளிர்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவும் மிச்சிகன், ஒஹையோ போன்ற வட மாநிலங்களில் ஓடிய காராக இருந்தால் இதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. எப்போதும் மெதுவாகவே ஓட்டப்பட்ட காரிலும் இது நேரும், ஏனெனில் ஓடும்போது தட்டு திறக்கும் வாய்ப்பே அதற்குக் கிடைப்பதில்லை.

ஐந்தாம் படி: கைப்பம்பு

மொத்த வேலையிலும் பயன்மிக்க கருவி, அளவுமானி பொருத்திய கை வேக்யூம் பம்பு. இந்த ஒரு கருவியும் பதினைந்து நிமிடப் பொறுமையும் இருந்தால் பின்பக்கப் பழுதுகள் அனைத்தையும் பிரித்துவிடலாம். ஆக்சுவேட்டரின் குழாயைக் கழற்றிவிட்டுப் பம்பை நேரடியாக இணைத்து, மானி 15 முதல் 20 அங்குலப் பாதரச அளவைக் காட்டும்வரை அழுத்துங்கள். பிறகு கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் முள்ளையும் கம்பியையும் சேர்த்துப் பாருங்கள்.

கம்பி முழுமையாக இழுபட்டு முள்ளும் அசையாமல் நின்றால் அந்தப் பக்கம் நலம். முள் ஏறவே மறுத்தாலோ, ஏறிய பின் இறங்கிக்கொண்டே வந்தாலோ டயாஃபிரம் கிழிந்திருக்கிறது. முள் நிலையாக நின்றும் கம்பி அசையவில்லை என்றால் டயாஃபிரத்தைக் குறை சொல்ல வேண்டாம். இறுகிப்போன தட்டுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. நான்காவதாக ஒரு விந்தை உண்டு. கம்பி நன்றாக இழுபடுகிறது, நெம்புகோலும் சுழல்கிறது, ஆனால் எஞ்சின் ஓடும்போது காகிதம் படபடப்பதில் மாற்றமே இல்லை. அப்படியானால் தட்டு அச்சிலிருந்து பிரிந்து உள்ளே தொங்குகிறது. நீண்ட கைப்பிடி கொண்ட சிறு கண்ணாடியையும் டார்ச் விளக்கையும் வைத்து வாய் வழியாகப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு பக்கத்துக் கிழிசல் மறுபக்கத்தையும் கெடுக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சோலனாய்டிலிருந்து வரும் ஒரே குழாய் டீ வடிவ இணைப்பில் பிரிந்துதான் இரண்டு ஆக்சுவேட்டர்களுக்கும் போகிறது. ஒன்றின் வழியாகக் காற்று நுழைந்தால் இரண்டுமே வலுவிழக்கும். பொதுப் பாகத்தில் பழுது இருப்பது போல் முதல் படியில் காட்டிய அறிகுறி இங்கே ஏமாற்றிவிடும். இதைப் பிரித்தறியப் பட்டறைகளில் ஓர் எளிய வழக்கம் உண்டு. டீயின் ஒரு கிளைக் குழாயைக் கழற்றி, கோல்ஃப் பந்தைத் தாங்கும் சிறு மரக் குச்சியைக் குழாயின் வாயில் செருகி அடைத்துவிடுவார்கள். அடைத்ததும் மறுபக்கம் ஒழுங்காக மூடத் தொடங்கினால் குற்றவாளி அடைக்கப்பட்ட பக்கம்தான்.

ஆறாம் படி: வேக்யூம் வந்து சேர்கிறதா?

பின்பக்கம் நலம் என்று தெரிந்த பிறகு, ஆக்சுவேட்டருக்கு வரும் குழாயில் மானியை மாட்டி எஞ்சினை ஐடிலில் ஓட விடுங்கள். கடல்மட்டத்தில் நல்ல நிலையில் உள்ள எஞ்சின் ஏறக்குறைய 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும். உயரம் 1000 அடி கூடும்போது ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். ஆகவே 5280 அடி உயரத்தில் உள்ள டென்வரில் 13 அங்குலம் கண்டு யாரும் கலங்க வேண்டியதில்லை. எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்டை மாற்றிய எஞ்சினில் இது இன்னும் குறையலாம். அத்தகைய கார்களில் தட்டு அரைகுறையாக மூடி ஐடிலில் கடகடப்பதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

எண் எதுவும் வரவில்லை என்றால் முன்னோக்கிச் செல்லுங்கள். சோலனாய்டின் நுழைவுக் குழாயில் மானியை மாட்டுங்கள். அங்கும் இல்லை என்றால் மேனிஃபோல்டுக்கும் சோலனாய்டுக்கும் இடையே குழாய் முறிந்திருக்கிறது, அல்லது ஒருவழி வால்வு தலைகீழாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. கெட்டியான பிளாஸ்டிக் குழாய் நடுவில் முறிவது அரிது. அதன் முனைகளில் உள்ள ரப்பர் முழங்கைகள்தாம் முதலில் வெடிக்கும். மேலிருந்து பார்த்தால் முழுமையாகத் தோன்றும், வளைத்துப் பார்த்தால் அடிப்பக்கத்தில் பிளவு வாய் திறக்கும். எஞ்சின் விளக்கு எரிந்து பி0171, பி0174 என்ற இரண்டு குறியீடுகளும் சேர்ந்து பதிவாகியிருந்தால், அளவிடப்படாத காற்று மேனிஃபோல்டுக்குள் நுழைகிறது என்பதற்கு அது ஓர் அடையாளமாக இருக்கலாம். சைலன்சர்ச் சத்தமும் எஞ்சின் விளக்கும் ஒரே வெடித்த குழாயின் இரண்டு முகங்களாக இருக்கலாம்.

மாற்றுக் குழாய் வாங்கும்போது உள்விட்டத்தை அளந்து வாங்குங்கள். மெல்லிய சிலிக்கான் குழாய் வெப்பம் தாங்கும், ஆனால் வேக்யூமில் தட்டையாகச் சப்பிக்கொள்ளும். தடித்த சுவர் கொண்டதே வேண்டும்.

ஏழாம் படி: சோலனாய்டு

நுழைவுக் குழாயில் வேக்யூம் உண்டு, வெளியேறும் குழாயில் இல்லை என்றால் சோலனாய்டு வேலை செய்யவில்லை, அல்லது அதற்கு ஆணை வரவில்லை. பிளக்கைக் கழற்றி, சோலனாய்டின் இரு முனைகளுக்கிடையே மின்தடையை அளங்கள். இவ்வகைச் சுருள்கள் பொதுவாகச் சில பத்து ஓம் காட்டும். மானி எதையும் காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. சுழியை ஒட்டிக் காட்டினால் சுருள் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது.

சுருள் நலமாக இருந்தால் வயரிங் பக்கம் திரும்புங்கள். இங்கே மல்டிமீட்டரை மட்டும் நம்புவது பலரும் செய்யும் பிழை. பச்சைக் களிம்பு ஏறி ஒரே ஓர் இழையில் தொங்கும் வயரில்கூட மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் ஏறக்குறைய மின்னோட்டத்தையே இழுப்பதில்லை. சிறு பல்பு கொண்ட சோதனை விளக்கைப் பிளக்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே இணைத்து எஞ்சினை ஐடிலில் ஓட விடுங்கள். பிரகாசமாக எரிந்தால் மின்சாரமும் கணினியின் ஆணையும் வந்து சேர்கின்றன. மங்கினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. எரியாவிட்டால் எந்த முனையில் குறை என்பதைப் பேட்டரியின் நேர்முனையோடும் எதிர்முனையோடும் மாற்றி இணைத்துப் பார்த்தால் தெரியும். டெக் 2 போன்ற ஸ்கேனர் கைவசம் இருந்தால் குறியீடுகளையும் ஒருமுறை படித்துக்கொள்ளலாம்.

எப்போதும் அமைதியாகவே இருக்கும் காரில் சோலனாய்டின் காற்றுத்துளையை மறக்கக் கூடாது. மின்சாரம் நின்றதும் வெளிக்காற்று நுழைய வேண்டிய வழி அது. அதன் சிறு வடிகட்டி தூசியாலும் சேற்றாலும் அடைபட்டால் பூட்டிய வேக்யூம் வெளியேற வழியின்றித் தட்டு மூடியே கிடக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் சோலனாய்டிலிருந்து பின்னே போகும் வேக்யூம் குழாயைக் கழற்றினால் உடனே முழக்கம் எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் தட்டு நலம், அடைப்பு சோலனாய்டில்தான்.

எட்டாம் படி: இறுகிய தட்டை விடுவித்தல்

ஆக்சுவேட்டரின் கம்பியை முதலில் நெம்புகோலிலிருந்து பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கைவலிமை டயாஃபிரத்தைக் கிழித்துவிடும். அச்சின் இரு முனைகளிலும் துருவைத் தளர்த்தும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் பிளையரால் இம்மி இம்மியாக இருபுறமும் அசையுங்கள். நகரும் திசையில் மட்டுமே தள்ளிக்கொண்டு போவதைவிட முன்னும் பின்னும் ஆட்டுவதே கரியை உடைக்கும். இரண்டு மூன்று நாள் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய நேரலாம். சுத்தியலால் அடிப்பதும் தீச்சுடர் காட்டுவதும் அச்சை வளைத்துவிடும். எண்ணெய் ஊறிய இடத்தில் தீ என்பது வேறோர் ஆபத்து.

விடுபட்ட பின் கிரீஸ் தடவ வேண்டும் என்று கை துடிக்கும். தடவாதீர்கள். அந்த வெப்பத்தில் கிரீஸ் எரிந்து கரியாகி, விடுவித்த அச்சை மீண்டும் இறுக்கும். கிராஃபைட் போன்ற உலர் மசகு சிறிதளவு போதும். வாரம் ஒருமுறையேனும் நல்ல சூட்டில் 4000 ஆர்பிஎம்மைத் தாண்டி ஓட்டினால் தட்டுகள் அசைந்து பழகும்.

தட்டு நன்றாகச் சுழன்றும் ஐடிலில் தகரம் அதிர்வது போன்ற கடகடப்பு கேட்டால் அச்சு உட்காரும் புஷ் எனப்படும் வளையம் தேய்ந்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது கைப்பம்பால் தட்டை இறுக்கி மூடிப் பிடித்தால் சத்தம் நிற்கும், அதுவே உறுதிப்பாடு. வால்வு சைலன்சருடன் சேர்த்துப் பற்றவைக்கப்பட்டே வருவதால் இதைத் தனியாகச் சரிசெய்வது வீட்டு வேலை அல்ல. சத்தத்துக்காக வேறு சைலன்சர் பொருத்திக்கொண்டவர்கள் கழற்றி வைத்த ஆலைச் சைலன்சர்கள் அமெரிக்காவில் பழைய பொருளாக நிறையக் கிடைக்கின்றன; அவையே இங்கு நியாயமான தீர்வு. வாங்குமுன் நான்காம், ஐந்தாம் படிகளைத் தரையில் வைத்தே செய்து பார்த்துவிடலாம்.

சி7 வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு

2014-இல் வந்த ஏழாம் தலைமுறையில் வேக்யூம் இல்லை; ஒவ்வொரு தட்டையும் ஒரு மின் மோட்டார் சுழற்றுகிறது. எக்கோ, டூர், ஸ்போர்ட், டிராக் என்று ஓட்டும் முறைக்கு ஏற்பச் சத்தம் மாறுவதால், பழுது தேடுமுன் எந்த முறை தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். எக்கோவில் பாதி சிலிண்டர்கள் ஓய்வெடுக்கும்போது கார் அமைதியாக இருப்பது பழுது அல்ல. குழாய்களுக்குரிய படிகள் இங்கே பொருந்தாது. மோட்டாரின் பிளக்கில் மின்சாரம், எர்த் ஆகியவற்றைச் சோதனை விளக்கால் பார்த்து, அவை சரியாக இருந்தால் மோட்டாரைக் கழற்றித் தட்டைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். தட்டு இறுகியிருக்கும்போது புது மோட்டார் போட்டால் அதுவும் தன் பற்சக்கரத்தை உடைத்துக்கொள்ளும்.

ஒன்பதாம் படி: சரிபார்ப்பு

எல்லாவற்றையும் பூட்டிய பின் வெப்பத் தடுப்புத் தகடுகளைப் பழையபடி மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அவற்றை விட்டுவிட்டால் புதுக் குழாயும் விரைவில் வெடிக்கும். எந்தக் குழாயும் சூடான பாகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. காகிதச் சோதனையை இரு பக்கமும் மீண்டும் செய்யுங்கள். பிறகு அரை மணி நேரம் ஓட்டி முழுச் சூட்டில் ஒருமுறையும், மறுநாள் காலையில் குளிர்ந்த நிலையில் ஒருமுறையும் கேளுங்கள், ஏனெனில் சூட்டில் மட்டும் இறுகும் அச்சும் குளிரில் மட்டும் கசியும் ரப்பரும் உண்டு. மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தி ஏறும் சோதனையையும் விடாதீர்கள். தட்டுகள் திறந்தே கிடந்தபோது போலீசிடமிருந்து சத்தம் பற்றிய நோட்டீஸ் வாங்கியிருந்தால், உங்கள் மாநிலத்தின் வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் இந்த எடையுள்ள கார்களுக்கு அது 95 டெசிபல். அளக்கும்போது தட்டுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்து எண் மாறும் என்பதால், நோட்டீசோடு பழுது நீக்கிய ரசீதையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள்.